விரல் பணம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலம் முழுக்கப் படி ஏறுவதுதான் வேலை என்பது பலருக்குத் தோன்றாது. லிஃப்ட் நின்றுபோன பிறகுதானே அவரைக் கூப்பிடுகிறார்கள். எட்டு மாடி, பத்து மாடி என்று கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி, மொட்டை மாடியில் மெஷின் ரூமின் இரும்புக் கதவைத் திறக்கும்போது கண்ணுக்குள் பூச்சி பறக்கும். உடனே வேலையில் இறங்க முடியாது. கதவருகிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவார். இந்த மெக்கானிக்குக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு வருடமாக இதே ஏற்றம். இரண்டு முழங்காலும் தனித்தனியாகப் புகார் சொல்ல ஆரம்பித்துப் பல காலமாகிவிட்டது.

அப்படி உட்காரும் நேரத்தில்தான் போனை எடுத்து ஷேர் விலை பார்ப்பார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கம்பெனியின் ஷேர்.

அது வந்த கதை இது. பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு துணிக்கடையில் லிஃப்ட்டின் இரும்பு வடத்தை மாற்றிக்கொண்டிருந்தார். கீழே நின்றவர் எதையோ நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டுவிட்டார். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நுனிக்கணுவோடு போயின. நஷ்ட ஈடாகக் கம்பெனி ஏழு மாதச் சம்பளம் கொடுத்தது. அதற்கு அவர் மனைவி வைத்த பெயர் விரல் பணம். வீட்டில் ஃபிரிட்ஜ் பழுதாகிக் கிடந்த சமயம். இந்தப் பணத்தில் புதிது வாங்கலாம் என்று அவர் சொன்னபோது, "அந்தக் காசுல வாங்கின ஃபிரிட்ஜை நான் தினம் எப்படிங்க திறப்பேன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கையில் கட்டோடு இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். சும்மா இருந்த அந்த நாட்களில், இத்தனை வருடத்தில் தன்னை ஏமாற்றாத பொருள் எது என்று யோசித்துப் பார்த்தார். லிஃப்ட்டுக்கு மூளை மாதிரி ஒரு கண்ட்ரோல் போர்டு உண்டு. கதவு எப்போது திறக்க வேண்டும், எந்த மாடியில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்வது அதுதான். ஒரு சின்னக் கம்பெனியின் போர்டை அவர் நான்கு வருடத்தில் அறுபது இடங்களில் மாட்டியிருந்தார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்தக் கம்பெனியின் ஷேர் வெளியில் கிடைக்கிறது என்று ஆபீஸ் கிளார்க் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கட்டுப்போட்ட கையோடு போய், மொத்தப் பணத்துக்கும் வாங்கினார். விண்ணப்பத்தை நிரப்பிய ஆள், "எதுக்கு சார் இதைப் போய் வாங்கறீங்க?" என்றான்.

"அவங்க போர்டு கெட்டுப்போறதில்ல."

"அதெல்லாம் ஒரு காரணமா சார்?" என்று அவன் சிரித்தான்.

முதல் நான்கு வருடம் அவன் சிரித்தது சரியென்றுதான் பட்டது. போட்டதில் பாதிதான் மிஞ்சியிருந்தது. அப்புறம் ஊரெல்லாம் உயரக் கட்டடங்கள் எழுந்தன. லிஃப்ட்டுகள் வந்தன, போர்டுகளும் விற்றுப்போயின. மூன்று மடங்கு ஆனதும் விற்றுவிடுவதாக அவர் வீட்டில் சொன்னார். ஆனது. ஐந்து மடங்கு வரட்டும் என்றார். அதுவும் வந்தது. பிறகு பத்து, இருபது, நாற்பது. மருந்துக்கடையில் பில் போடும் வேலை அவர் மனைவிக்கு. நாள் முழுக்க நின்று, மாலையில் கணுக்கால் வீங்கி, லிஃப்ட் இல்லாத வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி வருவாள். லிஃப்ட்காரர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லையா என்று குடிவந்த புதிதில் அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். கேலியும் பழசாகிவிட்டது. ஒரு நாள் கால்களை நாற்காலி மேல் நீட்டிவைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "விக்கறேன் விக்கறேன்னு நீங்க சொல்றது இது அஞ்சாவது தடவை. நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

அவருக்கே அலுத்துப்போயிருந்தது. விலை ஏறினால் மனசு ஒரு நிமிடம் குளிரும். இறங்கினால் நாள் முழுக்க அடித்துக்கொள்ளும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் நான்கு மாதச் சம்பளம் காணாமல் போனது. மறுநாள் அதில் மூன்று மாதம் திரும்பி வந்தது. இரண்டு நாளும் அவர் ஒரே மாதிரிதான் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். மொத்தமாகப் பார்த்தால் அந்த ஷேர் இப்போது அவருடைய ஒன்பது வருடச் சம்பளம். ஒன்பது வருடம் படி ஏறாமல் இருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பார். அதற்குள் போன் அடிக்கும், இன்னொரு கட்டடத்திலிருந்து.

அந்த வருடம்தான் போர்டுகள் கெட ஆரம்பித்தன.

பதினான்கு வருடத்தில் மொத்தம் இரண்டு கெட்டதைப் பார்த்தவர், இரண்டே மாதத்தில் நான்கைக் கழற்றினார். ஐந்தாவது ஒரு கண் மருத்துவமனையில். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கணவனும் மனைவியும். அந்த மனிதருக்கு அன்று காலைதான் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டு. மெக்கானிக் மூச்சு வாங்க மேலே ஏறி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கூண்டை நான்காம் மாடிக்கு இறக்கினார். பிறகு மறுபடியும் கீழே இறங்கி வந்து கதவைத் திறந்தார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் கணவரின் கண்கட்டு நழுவாமல் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"பயந்துட்டீங்களாம்மா?"

"முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் கை வலியில அது மறந்துபோச்சு," என்றாள் அவள். அவளால் கையை உடனே கீழே இறக்கக்கூட முடியவில்லை.

அவர் திரும்ப மேலே போய் போர்டின் மூடியைக் கழற்றினார். மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே ஒன்று கருகியிருந்தது. முன்பெல்லாம் தீப்பெட்டி அளவுக்குத் தடிமனான நீல ரிலே போடுவார்கள். இதில் அதில் பாதி அளவுக்குச் சின்னதாக ஒன்று. ஈயப் பற்றும் சரியாகப் பிடிக்கவில்லை. ஐந்து போர்டுகளுமே கடந்த ஒன்றரை வருடத்தில் செய்தவை. காசை மிச்சம் பிடிக்க யாரோ எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

ஆபீசில் சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்தார். அவர் படித்துவிட்டு மேசையில் வைத்தார். "கெட்டதுக்குப் பதிலா அவங்க வேற போர்டு அனுப்பிடறாங்களே. காசும் கேக்கறதில்ல. அப்புறம் உங்களுக்கு என்ன?"

"வர்றதும் அதே போர்டுதான் சார்."

"மேல அனுப்பறேன். உங்களுக்கு இன்னும் மூணு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. எதுக்கு இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கறீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே போர்டு கம்பெனிக்கு நேராக மெயில் எழுதினார். ஐந்து போர்டுகளின் எண்கள், போட்டோக்கள், எந்த ரிலே, என்ன ஆயிற்று என்பதெல்லாம். தானும் ஒரு பங்குதாரர் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அனுப்பின அதே நிமிடத்தில் பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி. இரண்டு வாரம் காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. ஷேர் விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு மாலை, மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் நின்று சொன்னார்: "அதை வாங்கினதுக்கு என்கிட்ட ஒரே ஒரு காரணம்தான் இருந்துச்சு. இப்ப அது இல்ல."

"அப்ப விக்க வேண்டியதுதானே."

"விலை ஏறிக்கிட்டே இருக்கே."

"நீங்க என்ன விலை ஏறும்னா வாங்கினீங்க? போர்டு கெடாதுன்னு தானே வாங்கினீங்க?"

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "நாம வித்தா, எவனோ ஒருத்தன் வாங்குவான். அவனுக்கு இது தெரியாது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. "ரெண்டு இடத்துல எழுதிக் குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன்."

"அதுக்கு மேல என்ன, நடுத்தெருவுல நின்னு கத்துவீங்களா?"

அந்தக் கேள்வி கடைசிவரை அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எட்டு வருடங்களுக்கு முன் இவர் பேச்சைக் கேட்டுத்தான் அதே ஷேரை வாங்கினான். பிறகு இவரை மிஞ்சி, மேலும் மேலும் சேர்த்தான். இப்போது கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடியோடு ஷேர் யோசனையும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

மச்சான் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "அஞ்சு போர்டுதானே மாமா? அவங்க வருஷத்துக்கு எத்தனை விக்கறாங்க தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் பொறுப்புல இருக்கற லிஃப்ட்டுல புது போர்டு போட்டது முப்பத்தெட்டு. அதுல அஞ்சு."

"நீங்க கீழ இருந்து பாக்கறீங்க மாமா. மேல இருந்து பாத்தாத்தான் முழுசா தெரியும்."

"நான் எப்பவும் மொட்டை மாடியிலதான்டா இருக்கேன்."

மச்சான் சிரித்தான், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே இன்னும் கொஞ்சம் வாங்கினான் என்று பின்னால் தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் மெஷின் ரூமில் உட்கார்ந்து அவர் பாதியை விற்றார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். மறுநாள் விலை ஏறியது. மீதியை வைத்துக்கொண்டால் என்ன என்று மனம் நச்சரித்தது. வீட்டில் கேட்டார். மனைவி சொன்னாள்: "இவ்வளவு பணத்தை இப்ப ரொக்கமா உங்க கையில குடுத்தா, போய் அந்த ஷேரை வாங்குவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப என்ன கேள்வி இது?"

திங்கட்கிழமை மீதியும் போனது. பெரிய பாரம் இறங்கினாற்போல் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். அப்படி ஒன்றும் இல்லை. அசதிதான் வந்தது. அன்று மாலை பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கு நிறுத்தம் போய், நடந்து திரும்பினார்.

விற்பதைவிடப் பெரிய தொல்லை, பணத்தை அடுத்து எங்கே வைப்பது என்பது. கணக்கில் பணம் விழுந்த மூன்றாம் நாளே பேங்க்கிலிருந்து ஒரு பெண் பேசினாள். பத்து வருடத் திட்டம் ஒன்று இருக்கிறதாம், அறுபத்தேழு வயதில் மொத்தமாகக் கைக்கு வருமாம். "அது வரைக்கும் எனக்கு முழங்கால் இருக்குமான்னு தெரியலையேம்மா," என்றார். அவள் விடாமல் ஒரு வாரம் பேசினாள். மச்சான் பேட்டரிக் கம்பெனி ஒன்றின் பெயரைச் சொன்னான். வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்தபோது அவள், "எல்லாக் கம்பெனியும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கற ஃபண்டு இருக்குப்பா. அதுல போட்டா தினம் எதையும் பாக்க வேண்டாம்," என்றாள்.

"எதையும் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்பா."

அந்த ஒரு மாதத்தில் கேட்ட யோசனைகளில் அவருக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

மனைவிக்குச் சொந்த வீடு ஆசை. தரைத்தளத்தில் ஒன்று விலைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டு இருவரும் போய்ப் பார்த்தார்கள். இரண்டு அறை, நல்ல வெளிச்சம், பின்பக்கம் துணி காயப்போட இடம். அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றாள். விலை கேட்டார்கள். கையில் இருப்பது எல்லாம் போய், மேற்கொண்டு எட்டு வருடத்துக்குக் கடனும் வாங்க வேண்டும். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "வேண்டாங்க."

"உனக்குப் பிடிச்சிருந்துச்சே."

"பிடிச்சிருந்துச்சு. ஆனா திரும்பவும் எல்லாத்தையும் ஒரே இடத்துல போடறதா? கடன் முடியற வரைக்கும், ரிடையர் ஆனப்புறமும், நீங்க படி ஏறணும். அப்புறம் அந்த வீட்டுல நான் மட்டும் சௌக்கியமா உக்காந்திருக்கவா?"

பஸ் வர நேரமாயிற்று. அவர் அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் செய்தது இதுதான். வரிக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்தார்கள். மீதியில் பெரும்பங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும் அரசாங்கப் பத்திரத்தில் போட்டார்கள். கால்பங்கு மகள் சொன்ன ஃபண்டில். கொஞ்சம் பேங்க்கிலேயே, அவர் முழங்காலுக்கும் அவள் கணுக்காலுக்கும் என்று. வரப்போகும் வட்டியை நம்பி, பக்கத்துத் தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு மாறினார்கள். அதுவும் சொர்க்கமில்லை. ஒரு சுவரில் ஈரம் ஊறியது. காலையில் ஜன்னலுக்கு அடியிலேயே எல்லாரும் ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள். ஆனால் மாலையில் அவள் கால் வீக்கம் கொஞ்சம் குறைந்தது.

அவர் விற்ற பிறகு அந்த ஷேர் நான்கு மாதம் ஏறியது. நிற்காமல் ஏறியது. தினம் சாயங்காலம் மச்சானிடமிருந்து விலையைப் படம் பிடித்து ஒரு மெசேஜ் வரும், கூட ஒரு வார்த்தை இருக்காது. விட்டது எவ்வளவு என்று அவர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பார். ஒன்றரை வருடச் சம்பளம். இரண்டரை. நான்கு. ஒரு நாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மனைவி பிடித்துவிட்டாள். "வித்தாச்சுல்ல? காலி பண்ணின வீட்டு வாசல்ல போய் ஏன் தினம் நிக்கறீங்க?"

"பாக்காம இருக்கத் தெரியலம்மா," என்றார். அது உண்மை. தப்புப் பண்ணிவிட்டோம் என்றுதான் அந்த நான்கு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மாதம், வேறு ஊர்களிலும் லிஃப்ட்டுகள் நின்று புகார்கள் குவிந்து, கடந்த இரண்டு வருடத்தில் விற்ற போர்டுகள் அத்தனையையும் திரும்பப் பெற்று மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. மூன்றே நாளில் விலை, அவர் விற்ற விலையில் பாதிக்குக் கீழே போனது. செய்தியை அவர் படிப்பதற்கு முன்பே சூப்பர்வைசர் போன் வந்துவிட்டது. அவர்கள் ஆபீஸ் எல்லைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு போர்டு மாற்ற வேண்டும், ஆறு வாரத்தில். "முதல்ல சொன்னவர் நீங்கதான். உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

சொன்னது பலித்ததற்குக் கிடைத்த பரிசு அது. ஆறு வாரமும் ஏறினார். ஒரு நாளைக்கு நான்கு கட்டடம், ஐந்து கட்டடம். விலை விழுந்ததில் சந்தோஷப்படவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தன் ஷேரை வாங்கிய முகம் தெரியாத ஆள் சில சமயம் ஞாபகத்துக்கு வந்தான். நடுவில் ஒரு நாள் போர்டு கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. இந்தத் தடவை ஒரு மனிதரே எழுதியிருந்தார். தாங்கள் அனுப்பிய ஐந்து போர்டுகளின் எண்களைத் தயவுசெய்து மறுபடி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். மெசேஜ்கள் நின்று ஒரு மாதமாகியிருந்தது. டீயை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மாமா..."

"விடு. நாலு மாசம் நானும் உன் கட்சிதான். நீ ஜெயிச்சுட்ட, நான் தோத்துட்டேன்னு இருந்தேன்."

"இப்ப என்ன பண்ணட்டும்? விக்கறதா, வெச்சிருக்கறதா?"

"புதுசா அனுப்பற போர்டைத் திறந்து பாத்தேன். திருந்தியிருக்காங்க. நல்லா இருக்கு. ஆனா விலை என்ன ஆகும்னு என்னைக் கேக்காத. அது எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது."

அக்காக்காரி உள்ளேயிருந்து வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடை வாடகைக்கு வேண்டியது அதுல இருக்கா?"

"இருக்கு."

"அதை மட்டும் முதல்ல வெளிய எடுடா. மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் பாதியை விற்றான். மீதியை வைத்துக்கொண்டான். விலை கொஞ்சம் நிமிர்ந்தது, பழைய உயரத்துக்கு வரவில்லை. அந்த விலைக்குத் தானும் மறுபடி வாங்கலாமா என்று மெக்கானிக்குக்கு ஒரு நாள் முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது. மனைவியிடம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது போர்டை மாட்டிய வாரத்தில், இனி வாரம் நான்கு நாள்தான் வர முடியும் என்று எழுதிக் கொடுத்தார். சம்பளம் குறையும் என்றார் சூப்பர்வைசர். தெரியும் என்றார் இவர். குறைவதை வட்டி ஏறக்குறைய ஈடுகட்டும் என்று முன்பே கூட்டிப் பார்த்திருந்தார். சரி என்று கையெழுத்தாக இரண்டு மாதமாயிற்று.

முதல் லீவு நாள் ஒரு புதன்கிழமை. ஒன்பதரை மணி வரை தூங்கினார். எழுந்தபோது மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினொரு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தார். கூட்டமாக இருந்தது. அவள் பில் போட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மாதான் வந்தேன்."

அவள் கண்ணாலேயே மூலையில் இருந்த ஸ்டூலைக் காட்டினாள். அவர் போய் உட்கார்ந்து, கூட்டம் குறையும் வரை அங்கேயே இருந்தார்.